லாம்பிரெட்டா வாங்குமுன்: இத்தாலியா, பம்பாயா, லக்னோவா?

பழைய இத்தாலிய ஸ்போர்ட் வண்டி ஒன்று வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் டுகாட்டியையோ மோட்டோ குஸியையோ மனதில் வைத்திருப்பார்கள். நம் எல்லைப் பகுதியில் அந்தத் தேடலுக்கு ஆயுள் போதாது. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கொல்லங்கோடு வீடுகளின் பின்கட்டிலும், மூணாறு, தேவிகுளம், வண்டிப்பெரியாறு எஸ்டேட் ஷெட்டுகளிலும் இத்தாலிய வம்சத்தில் ஏதாவது கிடைக்கும் என்றால் அது லாம்பிரெட்டாதான். ஸ்கூட்டர்தானே என்று ஒதுக்க வேண்டாம். ஜி.பி. 200, எஸ்.எக்ஸ். 200 இரண்டும் அந்தக் காலத்து வேக வண்டிகள். 1960-களிலேயே முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் வைத்து விற்ற கம்பெனி அது.

இந்த அத்தியாயம், விற்கிறவர் சொல்வதை ஒதுக்கிவிட்டு வண்டி சொல்வதைக் கேட்பதற்கு. கிட்டத்தட்ட ஒவ்வொரு விற்பனையிலும் ஒரே கதைதான் வரும்: "அண்ணே, எஸ்டேட் துரை வச்சிருந்த வண்டி. ஒரிஜினல் இத்தாலி." துரை இருந்திருக்கலாம், வண்டியும் வைத்திருந்திருக்கலாம். அதற்கு விலையில் ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

மூன்று பிறப்பிடங்கள்: தெரிந்திருக்க வேண்டிய அளவு

இத்தாலியில் மிலான் நகரத்து லாம்பிராத்தே பகுதியில் இன்னொசென்டி கம்பெனி 1947 முதல் 1971 வரை லாம்பிரெட்டா தயாரித்தது. கடைசி வரிசைதான் பெர்டோனே வடிவமைத்த ஜி.பி.; இத்தாலியில் அதற்கு டி.எல். என்று பெயர். அது 1969-இல் வந்தது.

இந்தியாவில் முதலில் பம்பாயின் ஏ.பி.ஐ. நிறுவனம் லாம்பிரெட்டாவைப் பூட்டிக் கொடுத்தது, பிறகு தயாரிக்கவும் செய்தது. பெயரைச் சுருக்கி 'லாம்பி' என்று விற்றதும் அதுதான்.

இன்னொசென்டி கடையை மூடியபோது அந்த எந்திரங்களையும் அச்சுகளையும் இந்திய அரசு வாங்கியது. 1972-இல் லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியா லிமிடெட் (எஸ்.ஐ.எல்.) பதிவானது. 1975-இல் வணிக உற்பத்தி தொடங்கியது. உள்நாட்டில் 'விஜய் சூப்பர்', வெளிநாட்டுக்கு 'லாம்பிரெட்டா ஜி.பி.' என்ற பெயர்களில் வண்டிகள் போயின.

ஆகவே லக்னோ வண்டி போலி இல்லை. மிலானில் இரும்பை வளைத்த அதே அச்சில் பிறந்தது. ஆனால் அதை மிலான் வண்டி என்று விற்றால் அது மோசடி. உங்கள் வேலை இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது. முழுக்க இத்தாலியில் செய்த ஜி.பி. 200 நம் ஊரில் கிடைப்பது அபூர்வத்திலும் அபூர்வம். யாராவது அப்படிச் சொன்னால், 'இல்லை' என்பதிலிருந்து தொடங்கி 'ஆம்' நோக்கி நகருங்கள்.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன்

1. ஆர்.சி.யின் இரண்டு பக்கமும் படமாகக் கேளுங்கள். "வந்து பாருங்க, எல்லாம் இருக்கு" என்றால் பெட்ரோல் செலவு மிச்சம், போகாதீர்கள்.
2. சேசிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் கிட்டத்தில் எடுத்த படம் கேளுங்கள்.
3. வண்டி எந்த ஊரில், எந்தக் கூரைக்குக் கீழே, எத்தனை மழைக்காலம் நின்றது என்று கேளுங்கள். மூணாறு ஈரமும் பாலக்காட்டு வெயிலும் வண்டியை வேறு வேறு இடத்தில் தின்னும். மலையில் நின்ற வண்டிக்குத் துரு. கணவாய்க் காற்றில் நின்ற வண்டிக்கு வெடித்த ரப்பர், காய்ந்து பிசினாகிப்போன பெட்ரோல் அடைத்த கார்புரேட்டர்.
4. வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் அது உண்மை பேசும்.

எடுத்துச் செல்ல வேண்டியவை: டார்ச், சிறு காந்தம், மெல்லிய வெள்ளைத் தாள், பென்சில், தின்னர், பழைய துணி, வெர்னியர், கையுறை, முகக்கவசம்.

முதல் சோதனை: தாள்

வண்டியைத் தொடும் முன் ஆர்.சி.யைப் படியுங்கள். பாதி வழக்குகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

1. தயாரிப்பாளர் பெயர், தயாரித்த ஆண்டு, சி.சி. மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஆர்.சி.யில் 'விஜய் சூப்பர்' என்றும் வண்டியின் நெற்றியில் 'எஸ்.எக்ஸ். 200' என்றும் இருந்தால் பேச்சு முடிந்தது. தயாரித்த ஆண்டு 1978, வண்டி இத்தாலி என்றாலும் அப்படியே. இன்னொசென்டி ஏழு வருடம் முன்பே நிறுத்திவிட்டது.
2. ஐரோப்பிய ஆண்டுப் பட்டியலை அப்படியே நம்பாதீர்கள். இத்தாலியில் இரண்டாம் வரிசை எல்.ஐ. 150 வண்டி 1961-ஓடு முடிந்தது. பம்பாயில் அதே உருவம் 1970-களிலும் ஓடிக்கொண்டிருந்தது. பழைய உருவமும் புதிய ஆண்டும் சேர்ந்திருந்தால் அது பம்பாய் வண்டி. அதில் தவறு எதுவும் இல்லை.
3. பதிவு உயிரோடு இருக்கிறதா? முதல் பதிவு 15 ஆண்டுக்கு. பிறகு படிவம் 25 கொடுத்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். எத்தனை ஆண்டு விட்டுப்போனது என்று கணக்கிடுங்கள். வரியும் அபராதமும் உங்கள் தலையில்தான் விழும்.
4. பரிவாஹன் தளத்தில் வருகிறதா? 1989-க்கு முந்தைய, மூன்றெழுத்தில் தொடங்கும் எண்கள் பல இன்னும் கணினிக்கு ஏறவில்லை. ஏறாத வண்டிக்கு அதே ஆர்.டி. ஆபீசின் பழைய பேரேட்டிலிருந்து விவரம் ஏற்ற வேண்டும். பணம் கொடுக்கும் முன் விற்கிறவரே அதைச் செய்து தரட்டும்.
5. உரிமையாளர் இருக்கிறாரா? இறந்திருந்தால் வாரிசு முதலில் படிவம் 31 வழியாகத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். "அப்பா பேர்ல இருக்கு, கையெழுத்து போட்டுத் தரேன்" என்பது கையெழுத்து மோசடி. எவ்வளவு நல்ல வண்டி என்றாலும் விலகுங்கள்.
6. மாநிலம் தாண்டிய வண்டியா? வாளையாறு, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம், சின்னாறு, போடிமெட்டு, குமுளி என்று எந்தப் பக்கம் தாண்டினாலும் பழைய ஆர்.டி. ஆபீசின் என்.ஓ.சி. (படிவம் 28) வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு கட்டாயம். பொள்ளாச்சியில் வாங்கி சித்தூரில் ஓட்டுகிறவர்கள் இதைத்தான் அதிகம் மறக்கிறார்கள்.

குறிப்பு: 50 வயது தாண்டிய வண்டிக்கு 2021-இல் வந்த விண்டேஜ் விதியின்கீழ் தனிப் பதிவு உண்டு, எண்ணின் நடுவே 'வி.ஏ.' வரும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஆனால் அந்தப் பதிவோடு தினமும் கடைக்குப் போய்வர முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டும்தான். சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு இந்தக் கதவு மூடியிருக்கும்.

இரண்டாம் சோதனை: எண்

வெஸ்பாவுக்குத் தகடே உடம்பு. லாம்பிரெட்டாவுக்கு நடுவில் தடித்த இரும்புக் குழாய்; லெக் ஷீல்டு, மட்கார்டு, பக்க மூடி, ஹேண்டில் எல்லாம் அதன்மேல் போல்ட்டில் நிற்பவை. ஒரு மதியத்துக்குள் ஒரு வண்டியின் சட்டையைக் கழற்றி இன்னொன்றுக்கு மாட்டிவிடலாம். காசா லாம்பிரெட்டா போன்ற இத்தாலியக் கம்பெனிகள் இன்றும் புது உதிரிகள் செய்து விற்கின்றன. எனவே வெளியே தெரிகிற எதுவும் சாட்சி ஆகாது. குழாயும் அதில் குத்திய எண்ணும்தான் வண்டி.

1. வலது பக்க மூடியைக் கழற்றுங்கள். சேசிஸின் பின்பகுதியில் எண்ணைத் தேடுங்கள்.
2. தின்னர் நனைத்த துணியால் மெதுவாகத் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். எண் மழுங்கினால் நாளை ஆர்.டி. ஆபீசில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.
3. தாளை வைத்துப் பென்சில் அச்சு எடுங்கள். ஆய்வுக்குப் போகும்போது கேட்பதும் இதைத்தான். ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். 3-ம் 8-ம், 1-ம் 7-ம் இடம் மாறிய ஆர்.சி.கள் ஏராளம். எழுதியவரின் பிழை என்றாலும் திருத்தம் வாங்கும் வரை அது வேறு வண்டிதான்.
4. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். எழுத்துகளின் ஆழம் ஒரே சீராக இருக்கிறதா? சுற்றி கிரைண்டர் கோடு, வெல்டிங் புடைப்பு, அங்கே மட்டும் புதுப் பெயின்ட் தெரிகிறதா? ஒன்று தெரிந்தாலும் சந்தேகம். இரண்டு தெரிந்தால் விலகல்.
5. இத்தாலிய ஜி.பி. என்று சொன்னால் முன்னொட்டைப் பாருங்கள். 125-க்கு 22/0, 150-க்கு 22/1, 200-க்கு 22/2. இத்தாலியில் விற்ற வண்டிகளில் ஐ.ஜி.எம். என்று தொடங்கும் அந்நாட்டு அனுமதி எண்ணும் தனியாகக் குத்தியிருக்கும். இவை இல்லாமல் இத்தாலி என்று சொன்னால் நம்ப வேண்டாம்; இருப்பதாலேயே நம்பிவிடவும் வேண்டாம். குத்தும் அச்சு எந்தப் பட்டறையிலும் கிடைக்கும்.
6. எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். லாம்பிரெட்டாவில் அந்த வழக்கம் இல்லை. இரண்டும் ஆர்.சி.யோடு ஒத்துப்போனால் போதும்.

எண்ணை அழித்து வேறு எண் குத்திய வண்டியைத் தெரிந்தே வாங்கினால் அது திருட்டுப் பொருளை வைத்திருக்கும் குற்றமாகவும் மாறலாம். "ஆர்.டி. ஆபீஸ்ல நம்ம ஆள் இருக்காரு" என்ற வாக்கியம் காதில் விழுந்ததும் கையுறையைக் கழற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

மூன்றாம் சோதனை: எஞ்சின் யாருடையது?

எஞ்சின் கேஸிலும் வார்ப்பு உதிரிகளிலும் தயாரித்தவரின் முத்திரை இருக்கும்: இன்னொசென்டி, ஏ.பி.ஐ., அல்லது எஸ்.ஐ.எல். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டுத் தேடுங்கள்.

ஜி.பி. 200 என்று விற்கும் வண்டிக்கு ஒரு வெர்னியர் போதும். 150-ம் 200-ம் 58 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்தான். வித்தியாசம் போரில் இருக்கிறது: 150-க்கு 57, 200-க்கு 66 மில்லிமீட்டர். ஹெட்டைக் கழற்ற விற்கிறவர் சம்மதித்தால் அளந்து பாருங்கள். தேய்மானத்துக்குப் போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் வைத்திருந்தால் ஒரு மில்லிமீட்டர் வரை கூடலாம். 57 தானாக 66 ஆகாது. கிட் போட்டுப் பெரிதாக்கிய 150-களும் உண்டு. அதற்கும் வழி இருக்கிறது: 125, 150-க்குச் சிறிய கேஸ், 175, 200-க்குப் பெரிய கேஸ். சிலிண்டர் உட்காரும் வாய் வேறு. நம்பிக்கையான ஒரு பழைய மெக்கானிக்கிடம் படம் அனுப்பினால் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

மற்ற அடையாளங்களை வேகமாகப் பார்த்துவிடலாம். கார்புரேட்டர் டெல்லோர்ட்டோ என்றால் இத்தாலி, ஜெடெக்ஸ் என்றால் இந்தியா. மீட்டரில் வெக்லியா என்ற பெயர் இத்தாலிப் பக்கம் சாயும். இத்தாலிய ஜி.பி. 200 சிலவற்றில் டுகாட்டி எலெக்ட்ரானிக் இக்னிஷன் வந்தது; டுகாட்டி பெயரைத் தேடி வந்தவர்களுக்கு இந்த அளவு ஆறுதல் உண்டு. முன்சக்கர டிஸ்க் 200-க்கு மட்டும். 125, 150-க்கு டிரம். இவை எல்லாமே மாற்றக்கூடியவை என்பதால் துணைச் சாட்சிகளாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் சோதனை: பளபளப்பின் அடியில்

1980-களுக்குப் பிறகு இந்தியாவிலிருந்து பழைய லாம்பிரெட்டாக்களும் வெஸ்பாக்களும் 'ரெஸ்டோர்' ஆகி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறின. அவற்றில் பலவற்றின் அடியில் பட்டியும் துண்டு வெல்டிங்கும் இருந்ததால், அங்கே 'இந்திய ரெஸ்டோரேஷன்' என்பதே கெட்ட பெயராகிவிட்டது. அந்தக் கைவேலை உள்ளூரிலும் ஓடுகிறது. இரட்டை வண்ணம், குரோம் கம்பிகள், புத்தம் புது சீட் என்று பெண் பார்க்கும் நாள் அலங்காரத்தோடு நிற்கும் வண்டியைக் கண்டால் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள்.

1. காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி லெக் ஷீல்டின் கீழ்ப்பகுதி, மட்கார்டு, பக்க மூடிகள் மேல் நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி.
2. தரைப்பலகையைத் தாங்கும் கம்பிகள், ஸ்டாண்டு மாட்டும் காதுகள், சேசிஸின் வால் வளைவு: மலைப்பகுதி வண்டியில் முதலில் துரு பிடிப்பவை இவைதான். ஸ்குரூடிரைவர் நுனியால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போனால் வெல்டிங் செலவு.
3. ஹேண்டில் கழுத்து குழாயோடு சேரும் இடத்தில் பெயின்ட் விரிசல், சுருக்கம் தெரிந்தால் முன்பு எங்கோ மோதிய வண்டி.
4. பின்னால் பத்தடி தள்ளி உட்கார்ந்து இரண்டு சக்கரமும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று பாருங்கள். சேசிஸ் வளைந்திருந்தால் மற்றவற்றைப் பார்க்கத் தேவையில்லை.

என் கணிப்பு இது: தேய்ந்து வெளுத்த பழைய பெயின்ட்டோடு, ஒரு பக்க மூடி இல்லாமல், ஓடாமல் கிடக்கும் முழு வண்டி, பளபளக்கும் கலவை வண்டியைவிட மேல். பழைய பெயின்ட் பொய் சொல்வது கஷ்டம்.

ஐந்தாம் சோதனை: ஸ்டார்ட், ஓட்டம்

1. பெட்ரோல் டேங்கைத் திறந்து முகருங்கள். வார்னிஷ் வாடை வந்தால் அந்தப் பெட்ரோலோடு ஸ்டார்ட் பண்ண வேண்டாம். இது டூ ஸ்ட்ரோக். ஆயில் கலந்திருக்கிறதா என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள். கலக்காமல் ஓட்டினால் அந்த ஓட்டத்திலேயே பிஸ்டன் பிடித்துவிடும்.
2. மேக்னெட் சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் கிராங்க் பேரிங் வேலை.
3. கையால் கிக்கரை அழுத்தும்போது ஒரு இடத்தில் எதிர்ப்பு வர வேண்டும். வழவழவென்று இறங்கினால் ரிங்கோ போரோ போய்விட்டது.
4. சமதளத்தில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். பிரேக் தெரியாத வண்டியைப் போடிமெட்டு இறக்கத்திலோ குமுளி மலைப்பாதையிலோ சோதிப்பது தற்கொலை. கிளட்ச் மேல் எப்போதும் விரல் இருக்கட்டும்; பிஸ்டன் பிடித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும், அந்த நொடியில் கிளட்ச்தான் காப்பாற்றும்.
5. ஒவ்வொரு கியரிலும் திராட்டிலை விட்டுப் பிடியுங்கள். கியர் துள்ளி வெளியே வந்தால் பெட்டியைப் பிரிக்க வேண்டும்.

எச்சரிக்கை: பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைத் திறந்து வாயால் ஊதாதீர்கள், காற்றுப் பம்பு அடிக்காதீர்கள். முகக்கவசம் போட்டு ஈரத்துணியால் துடையுங்கள். கரண்டு வருகிறதா என்று பிளக்கை வெளியே வைத்துப் பார்க்கும்போது டேங்கும் கார்புரேட்டரும் கசியாமல் இருக்க வேண்டும்.

விலை போடுவது

இணையத்தில் வெளிநாட்டு ஜி.பி. 200 விலையைப் பார்த்துவிட்டு வருகிற விற்பனையாளரிடம் வாதாடாதீர்கள். அந்த விலை, மிலான் சேசிஸுக்கும் ஆதாரத்துக்கும் கொடுக்கிற விலை. உங்கள் கணக்கு உங்கள் வட்டாரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

1. இதே வகை வண்டி, தாள் சரியாக, ஓடும் நிலையில் இங்கே என்ன விலைக்குப் போகிறது என்று குறைந்தது மூன்று பேரிடம் விசாரியுங்கள். கேட்கும் விலையை எழுத வேண்டாம். கைமாறிய விலையை எழுதுங்கள்.
2. அதிலிருந்து பழுது, தாள் செலவு இரண்டையும் கழியுங்கள்.
3. பழுது, தாள் செலவில் இன்னொரு பத்து சதவீதத்தைத் தெரியாத பழுதுக்காகக் கழியுங்கள்.

உதாரணத்துக்கு (எண்கள் கணக்கைக் காட்ட மட்டும்): நல்ல விஜய் சூப்பர் உங்கள் ஊரில் 80,000 என்று வைத்துக்கொள்வோம். போர், பிஸ்டன், கிராங்க் 18,000. டிங்கரிங், பெயின்ட் 20,000. டயர், கேபிள், ரப்பர் 9,000. பதிவு, பழைய வரி 8,000. மொத்தம் 55,000, பத்து சதவீதம் 5,500. மிச்சம் 19,500. அதுதான் உங்கள் உச்ச விலை. விற்கிறவர் 60,000 கேட்டால் சிரித்துக்கொண்டே டீ குடித்துவிட்டு வாருங்கள்.

தாள் இல்லாத வண்டிக்கு உதிரி விலைதான். ஸ்டிக்கரும் பேட்ஜும் விலையில் சேராது. இத்தாலிய எஞ்சின், லக்னோ சேசிஸ் என்ற கலவையை லக்னோ வண்டியாகவே மதிப்பிடுங்கள். எஞ்சின் மாற்றம் ஆர்.சி.யில் ஏறவில்லை என்றால் அதற்கும் கீழே. கேரள மோட்டார் வாகனத் துறை மாற்றங்கள் விஷயத்தில் கண்டிப்பானது.

பணம் கைமாறும் நாள்

1. படிவம் 29, 30 இரண்டிலும் உரிமையாளர் உங்கள் முன் கையெழுத்திடட்டும். வெற்றுப் படிவத்தில் வாங்காதீர்கள்.
2. ஒப்படைத்த தேதி, நேரம், இரு எண்கள், தொகை எழுதிய ரசீது இரண்டு பிரதி. அந்த நிமிடத்துக்கு முன்பு வண்டி என்ன செய்திருந்தாலும் அது பழைய உரிமையாளரின் பொறுப்பு.
3. தொகையில் ஒரு பகுதியைப் பெயர் மாற்றம் முடியும்வரை நிறுத்திவைக்கப் பேசுங்கள். நேர்மையான விற்பனையாளர் மறுப்பதில்லை.
4. விற்றவர் 14 நாளுக்குள், வெளிமாநிலம் என்றால் 45 நாளுக்குள் ஆர்.டி. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். இரண்டு தேதியையும் காலண்டரில் குறித்துவையுங்கள்.
5. இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை ஓட்டிக்கொண்டு வராதீர்கள். டேங்கைக் காலி செய்து, சரக்கு ஆட்டோவில் நேராக நிறுத்தி, கயிற்றைக் குழாய்ச் சேசிஸில் கட்டுங்கள். ஹேண்டிலிலோ லெக் ஷீல்டிலோ கட்டினால் மலை வளைவு முடிவதற்குள் இரண்டும் நெளிந்துவிடும்.